புகைக்கு நாணிய எஞ்சின்

தென்கோடிக் கடற்கரையில், பாறைகள் நெருங்கிய ஒரு துறையில், முன்னொரு காலத்தில் ஒரு பழைய எஞ்சின் இருந்தது. ததேயு என்னும் மீனவரின் வள்ளத்தில், பின்பலகையைப் பற்றிக்கொண்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் அது கடலுக்குப் போய் வந்தது. அதன் தோளில் ஒரு பித்தளைத் தகடு. இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது அந்தத் தகட்டில் பொறித்திருந்த கட்டளை.

ததேயு ஒவ்வொரு முறையும் தகட்டைப் பார்த்தே கலவை சேர்ப்பார். அதனால் எஞ்சின் நலமாக இருந்தது. ஆனால் புகைத்தது.

ஒருநாள் பக்கத்து வள்ளத்துக்குப் புது எஞ்சின் ஒன்று வந்தது.

“ஐயா, நீர் வருவதைக் கண்ணால் காண வேண்டியதே இல்லை, மூக்கு சொல்லிவிடுகிறது!” என்று அது சிரித்தது. “எனக்கு ஐம்பதுக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். உமக்கு மட்டும் ஏன் இந்தப் பேராசை?”

பழைய எஞ்சினுக்குள் இருந்த பெட்ரோலும் கூடச் சேர்ந்துகொண்டது. “எரிபவன் நான், ஓட்டுபவன் நான். இந்த எண்ணெய் வந்து ஊரெல்லாம் புகையைப் பரப்புகிறான்.”

“நீ எரியும்போது இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் படுத்திருப்பவன் நான்,” என்றது எண்ணெய். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றுமுதல் எஞ்சின் தன் புகையைக் கண்டு தானே கூசியது.

மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முன் வள்ளங்களுக்கு வர்ணம் பூசுவது அந்தத் துறையின் வழக்கம். ததேயுவின் மனைவியின் தம்பி இன்னாசி தன் ஊரிலிருந்து நீல வர்ணத்தோடு வந்து சேர்ந்தான்.

“மச்சான், இந்தத் தகடு களிம்பேறி அசிங்கமா கெடக்கு. இதையும் சேத்து அடிச்சிரட்டுமா?”

“அடி மாப்ள. மாதா முன்னால பளிச்சுன்னு நிக்கட்டும்.”

தகடு பதறியது. “எஞ்சினே, உன்னை உனக்குச் சொல்பவன் நான் ஒருவன்தான். என்னை மூட விடாதே!”

“சற்று அழகாகத்தான் இருந்துவிட்டுப் போகிறேனே,” என்றது எஞ்சின். இரண்டு பூச்சில் தகடு மறைந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் காலை ததேயுவும் இன்னாசியும் கடலுக்குப் புறப்பட்டார்கள். ததேயு வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோல் கேனைத் திறந்த இன்னாசி குரல் கொடுத்தான்.

“எண்ணெய் எவ்வளவு மச்சான்?”

“தகட்டுல இருக்கு, பாத்து ஊத்து!” என்றார் ததேயு, பழக்கத்தில்.

இன்னாசி பார்த்தான். நீலம்தான் தெரிந்தது. மறுபடி கேட்க அவனுக்குச் சோம்பல். ‘நம்ம ஊரு எஞ்சினுக்கு அம்பதுக்கு ஒண்ணு. இதுவும் எஞ்சின்தானே’ என்று எண்ணி, பாதி எண்ணெயோடு நிறுத்திக்கொண்டான்.

எஞ்சின் கிளம்பியது. புகை ஏறக்குறைய இல்லை!

“ஏ ததேயு, எஞ்சினுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியா? பாவமெல்லாம் போயிருச்சே!” என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சின் பூரித்துப் போனது.

வலை இழுத்துத் திரும்பும்போது உள்ளே வெப்பம் ஏறியது. எண்ணெய் மூச்சு வாங்கிக்கொண்டு கெஞ்சியது. “நாங்கள் பாதிப்பேர்தான் வந்திருக்கிறோம். எல்லா இடத்திலும் காவல் நிற்க முடியவில்லை. நீ ஒருமுறை முனகு. முனகினால் அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள்.”

“கரை தெரிகிறது,” என்றது எஞ்சின். “காலையில் என்னைப் புகழ்ந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள். இப்போதா முனகுவது?”

பிறர் மெச்சுவதற்காகத் தம் வேதனையை மறைப்பவர்களே, இந்த எஞ்சினை இங்கே கவனியுங்கள். எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டது. வேதனை குறையவில்லை, தெரியாமல் போனது, அவ்வளவே.

துறைக்குள் நுழைய இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே வழி. பின்னால் பெரிய அலை எழுவதைக் கண்டு ததேயு முழு வேகத்தைக் கொடுத்தார்.

கிறீச்சென்று ஓர் அலறல். பின்பு ஒன்றுமில்லை. அலையின் ஓசை மட்டும்.

“மச்சான்! என்னாச்சு மச்சான்?”

“துடுப்பு! துடுப்பை எடுறா!”

துடுப்பு கைக்கு வருமுன் அலை வந்துவிட்டது. வள்ளத்தைத் தூக்கிப் பாறையில் அறைந்தது. கரையில் நின்றவர்களின் சிரிப்பு அப்படியே வாயில் உறைந்தது. பிறகுதான் அவர்கள் ஓடி வந்து கயிறு வீசினார்கள். இருவரும் உயிரோடு கரையேறினார்கள்; இன்னாசியின் முழங்கால் கிழிந்திருந்தது. வள்ளம் இரண்டாகப் பிளந்திருந்தது.

எஞ்சினை இழுத்து மணலில் கிடத்தினார்கள். ததேயு அதைக் கிளப்பும் கயிற்றைப் பலம் கொண்டமட்டும் இழுத்தார். அசையவில்லை. உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு விட்டன.

“எண்ணெய் எவ்வளவுடா ஊத்துன?”

“அம்பதுக்கு ஒண்ணு மச்சான். தகட்டுல ஒண்ணும் தெரியலையே…”

ததேயு இடுப்புக் கத்தியை எடுத்துத் தகட்டைச் சுரண்டினார். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. முதலில் இரண்டு தெரிந்தது. பிறகு ஐந்து.

“ஐயோ, இதுக்கு மேலயா அடிச்சோம்!” என்று இன்னாசி தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்தான்.

அப்போது புது எஞ்சின் புகையில்லாமல் துறைக்குள் வந்து நின்றது. மணலில் கிடந்த பழைய எஞ்சினைக் கண்டது.

“ஐயா,” என்றது மெல்ல, “புகைத்துக்கொண்டே வந்திருக்கலாமே.”