குளத்தில் என்ன குறை?

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதனால் குரு சீடரை ‘அண்ணா’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாகக் கேட்பவர்கள் குழம்பிப்போய்ச் சிரிப்பார்கள். குரு மங்கையர்க்கரசி கற்றுக்கொடுத்தது குளம் அமைக்கும் வேலை. குளோரின் வாடையே இல்லாமல், வீட்டுத் தோட்டத்திலேயே நீந்திக் குளிக்கிற குளம். ஒரு பாதி ஆழம், அது மனிதருக்கு. மறு பாதியில் சரளைக்கல்லும் கோரையும் வசம்பும். அந்த வேர்களுக்குள் புகுந்து வருகிற தண்ணீர் தானாகவே தெளிந்துவிடும். வேலையோடு சேர்த்து வேறு சிலவற்றையும் அவர் கற்றுக்கொடுத்ததால்தான் அவரைக் குரு என்றார்கள்.

சீடர் தெய்வசிகாமணி அவரிடம் பல வருடம் இருந்தவர். உடுமலைக்குப் பக்கத்தில் தன் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு குளம் அமைத்தார். அந்தக் குளத்தில்தான் அவருடைய ஒரே மகள், நான்கு வயதுத் தாரணி, மூழ்கிப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் குருவுக்குப் போன் செய்தார். அழவில்லை.

“குளத்தை வந்து பாருங்கம்மா. குறை இருக்கா இல்லையான்னு நீங்கதான் சொல்லோணும்.”

“இருந்தா?”

“எம்மேல தப்பு. மூடிப்போடறேன்.”

“இல்லைன்னா?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இல்லைன்னா அவ மேல. அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவாருங்க.”

‘அவ’ என்றது மனைவி பூங்கோதையை. குழந்தை தண்ணீரில் விளையாடும்போதெல்லாம் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொள்வது அவள்தான். அன்றும் அவள்தான் நின்றாள். சிகாமணி வேறொரு வீட்டில் குளத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ ஒன்றுக்காகத் திரும்பினாள். எதற்காகத் திரும்பினாள் என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. சிகாமணியும் கேட்காத நாளில்லை.

குரு மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பூங்கோதை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“சாப்பிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டார் குரு.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா, தெரியவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. திட்டு வாங்கக்கூடத் தெம்பில்லாத முகம்.

சிகாமணி குருவைக் குளத்தங்கரைக்கு அழைத்துப்போனார்.

“பாப்பா விளையாட இந்தப் படிங்கம்மா. கணுக்கால் தண்ணிதான்.”

குரு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றார். பாதத்தால் தேய்த்துப் பார்த்தார்.

“வழுக்கலை.”

“வழுக்காதுங்க. சொரசொரப்பான கல்லாத் தேடிப் பார்த்துப் போட்டது.”

“படியைத் தாண்டினா?”

“சரிவு. நீங்க சொல்லிக்குடுத்த அதே சரிவு. பாப்பா தெரியாம இறங்கினாலும் ஏறி வந்துரலாம். கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல ஜன்னல். அங்க நின்னா ஒரு மூலை விடாமத் தெரியும்.”

சொல்லச் சொல்ல அவர் குரல் உறுதியாகிக்கொண்டே போனது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் பேசுகிற பேச்சா இது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் வேறு எதைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் நிற்பார்? அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

“குறை இருக்குங்களா?”

“இன்னும் பார்த்து முடியலை. நான் தண்ணியில இறங்கறேன். நீங்க போய் ஜன்னல்ல நில்லுங்க. எம்மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க.”

ஜன்னல் சரியான இடத்தில் அமைந்திருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது. சிகாமணி அப்படித்தான் நினைத்துக்கொண்டார். உள்ளே வந்தவருக்குப் பூங்கோதை ஒதுங்கி வழிவிட்டாள். மகள் போன பிறகு அவர் அந்த ஜன்னலுக்கு வருவது அதுவே முதல் தடவை.

குரு துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட்டுச் சுடிதாரோடு இறங்கினார். ஆழமான பக்கம் நிதானமாக நீந்தினார். ஒரு மூலை விடாமல் தெரிந்தது. தான் சொன்னது சரிதான் என்று சிகாமணிக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்து அவர் பிற்பாடு எத்தனையோ நாள் கூசிப்போயிருக்கிறார்.

கோரைப் பக்கம் தண்ணீர் கலங்கலாக வருவது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. சரளைக்குள் சேறு அடைத்திருக்க வேண்டும். பம்ப் நின்றுவிட்டதோ? இல்லை, ஓடுகிறது. அப்படியென்றால் குழாய் வாயில் வேர் ஏறியிருக்கும். குரு பார்த்தால் என்ன நினைப்பார்? கொஞ்சம் கோரையைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிக்கொண்டு ஆழப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

குளத்தில் யாரும் இல்லை.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. நிலையில் இடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடினார். சட்டை வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான், ஆனால் கையும் காலும் ஓடவில்லை. “தாரணி! தாரணி!” என்று மகள் பெயரைச் சொல்லித்தான் கத்தினார். அவர் பின்னாலேயே பூங்கோதையும் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

குரு அவருக்குப் பக்கத்திலேயே தலையைத் தூக்கினார். முங்கிப்போய்க் குளத்தின் தரையைத் தொட்டுவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான். அவருக்கும் மூச்சு வாங்கியது.

சிகாமணி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பார்த்துட்டேதாங்கம்மா இருந்தேன். அங்க, கோரைக்கிட்டத் தண்ணி கலங்கலா வந்துச்சு. அதைத்தான்... ஒரே நொடி. சத்தியமா ஒரே நொடிதாங்கம்மா. திரும்பறதுக்குள்ள...”

கரையில் பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குரு தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“எங்கிட்டச் சொல்லாதீங்கண்ணா,” என்றார். “அண்ணிகிட்டச் சொல்லுங்க.”