சடையப்பனின் பல்லுக்குப் பழி

கோணமேட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை நிறையவே இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் சினிமாக் கொட்டகையில் சடையப்பன் விசில் அடித்தால்தான் படம் தேறியது என்று அர்த்தம். அதிலும் பழிவாங்கும் படம் என்றால் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல். போலீசும் கோர்ட்டும் கைவிட்ட பிறகு கதாநாயகன் தனியாளாகக் கிளம்புவான். கடைசியில் வில்லன் மண்ணைக் கவ்வும்போது சடையப்பன் இரண்டு விரலை வாயில் வைப்பான். கூரைத் தகரம் அதிரும். "அப்பாடா, இப்பத்தான் மனசு குளுந்துச்சு" என்று சனங்கள் வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு நாள் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில், அதைப் பார்த்துக்கொள்ளும் சீனிச்சாமிப் பெரியவர் ஒரு சைக்கிளை இழுத்துத் திருப்பினார். ஹேண்டில்பார் சடையப்பன் வாயில் பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. பெரியவர் பதறிப்போனார். "பரவால்ல மாமா, இன்னும் பல்லு கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய் உட்கார்ந்தான்.

அன்றைக்குப் புதுப்படம். வில்லன் விழுந்தான். சடையப்பன் ஊதினான். 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது.

கொட்டகையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விசில் வராமல் வில்லன் செத்தான் என்று எப்படி நம்புவது? கொட்டகைக்காரரே திரைக்கு முன்னால் வந்து நின்று, வில்லன் நிஜமாகவே செத்துவிட்டான் என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்த பிறகுதான் அரைமனதாகக் கலைந்தார்கள்.

சடையப்பன் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டான். சோறு வேண்டாம் என்றான்.

"போனது போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கய்யா" என்றாள் அவன் மனைவி பவளக்கொடி.

"அதைத்தான்டி ரொம்ப நேரமாப் பாக்கறேன். சரியாச் சேர மாட்டேங்குது" என்றான் அவன்.

மறுநாள் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் வந்தார்கள். வீரக்கண்ணு ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்ப்பவன், ஆகையால் அவன்தான் தலைவன். ஒண்டிப்புலி தனியாக எங்கும் போகமாட்டான். தொப்ளான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

"உன்னைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குதுடா" என்றான் வீரக்கண்ணு.

தொப்ளான் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ஆமா, கொஞ்சம் காயுது. கஷாயம் போடச் சொல்லவா?"

"கஷாயத்துல தீராது. பழிக்குப் பழி, பல்லுக்குப் பல். படத்துல அப்படித்தான் சொல்றாங்க. சீனிச்சாமி மாமா பல்லு ஒண்ணை உடைக்கணும். அப்பத்தான் சடையனுக்கு மனசு குளிரும்."

சடையப்பனுக்கு அந்தப் பெரியவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மனசு குளிரும் என்ற வார்த்தை பிடித்திருந்தது. சரி என்றான்.

அப்போதுதான் ஒண்டிப்புலி ஒரு சங்கடத்தைக் கிளப்பினான். "மாமாவுக்குப் பல்லே கிடையாதேடா. கூழுதான குடிக்கறாரு?"

நால்வரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"வேற யார் பல்லையாவது உடைச்சா?" என்றான் தொப்ளான்.

"அது அநியாயம்" என்றான் வீரக்கண்ணு. "நாம நியாயத்துக்காகப் பழிவாங்கறவங்க. அவருக்குப் பல்லு கட்டித்தான் உடைக்கணும். வேற வழியில்ல."

தொப்ளானின் கிடாயை விற்றார்கள். பெரியவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, டவுனுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பெற்ற பிள்ளைகள்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று பெரியவர் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் மேலும் கீழும் அழகான பல்செட் செய்துகொடுத்து, "பத்து வருஷத்துக்கு உடையாது" என்றார்.

வீரக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. "எங்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தோதுப்படாதுங்க. வர்ற வெள்ளிக்கிழமை உடையற மாதிரி இல்லீங்களா?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நால்வரும் பழிவாங்கக் கிளம்பினார்கள். படத்தில் வருகிற மாதிரியே கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கண்ணுக்கு ஓட்டை விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போய், "உன் கணக்கைத் தீக்க வந்திருக்கோம்" என்று கர்ஜித்தார்கள். எதிரே நின்ற எருமை ஒன்றும் சொல்லவில்லை. துணியை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

பெரியவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தின்கிற முறுக்கு. 'கடக் முடக்' என்று ரோடுவரை கேட்டது. "வாங்க மாப்ளைகளா, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார்.

"முறுக்கு அப்புறம். முதல்ல நீங்க 'யாருடா நீங்க?'ன்னு கேக்கணும் மாமா" என்றான் வீரக்கண்ணு. "படத்துல வில்லன் அப்படித்தான் கேப்பான்."

"எனக்குப் பல்லு கட்டின புள்ளைங்களை 'டா' போட்டுக் கேப்பனா? 'தம்பிகளா, நீங்க யாருங்க'ன்னு வேணுமானா கேக்கறேன்."

அதற்குமேல் அவர் இறங்கி வரவில்லை. நால்வரும் பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாம் சொல்லிவிட்டு, வந்த காரியத்தையும் சொன்னார்கள்.

பெரியவர் முறுக்கை விழுங்கினார். "நியாயந்தான். உம் பல்லு என் கையாலதானே போச்சு சடையப்பா" என்று பல்செட்டைக் கழற்றி, துண்டால் துடைத்து, அவன் கையில் வைத்தார்.

பல் இல்லாத அந்த முகம் மறுபடி ஒட்டி உள்ளே போனதைப் பார்த்ததும் சடையப்பன் பல்செட்டைத் திருப்பி நீட்டினான். "வேணாம்டா, போயிரலாம்" என்றான்.

"கிடாய் போச்சேடா" என்றான் தொப்ளான்.

அது வலுவான வாதம். சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, பல்செட்டைக் கல்லின்மேல் வைத்து, திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினான். முன்பல் ஒன்று மட்டும் பெயர்ந்தது. மீதியைக் கழுவிக் கொடுத்தான். பெரியவர் மாட்டிக்கொண்டு, ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்.

"மனசு குளுந்துச்சா?" என்று மூவரும் கேட்டார்கள்.

சடையப்பன் சட்டையை விலக்கி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். "இல்லடா. எப்பவும் போலத்தான் வெதுவெதுன்னு இருக்கு."

ஒண்டிப்புலி ஓடிப்போய் சோடாக் கடையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி வந்து நெஞ்சில் வைத்தான். வைத்திருந்த வரைக்கும் குளிர்ந்தது. எடுத்ததும் போய்விட்டது.

வீரக்கண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டான். "இன்னும் படம் முடியலடா. பழிவாங்கினவன் திரும்பிப் பாக்காம நடந்து போவான். அப்பத்தானே சனங்களுக்குத் திருப்தி வரும்? வாங்க, நடப்போம்."

நடந்தார்கள். ஊர் முடிந்தது, சோளக்காடு முடிந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை "வந்துச்சா?" என்று கேட்டார்கள். சடையப்பன் நெஞ்சைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மத்தியானத்துக்குப் பிறகு ஒண்ணே ஒண்ணு வந்தது. பசி.

"வீட்டுக்குப் போலாம்" என்றான் சடையப்பன்.

"போலாம். ஆனா திரும்பிப் பாக்கக் கூடாதே" என்றான் வீரக்கண்ணு.

அதற்கும் வழி இருந்தது. திரும்பாமலே, முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, நால்வரும் பின்னால் பின்னாலேயே நடந்தார்கள். இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தார்கள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கோணமேட்டு எல்லையில் நின்றவர்கள் நான்கு முதுகுகளைப் பார்த்தார்கள். ஊருக்கு வருகிறவனின் முகம் தெரியும், ஊரைவிட்டுப் போகிறவனின் முதுகு தெரியும். இதில் கோணமேட்டில் இரண்டாவது கருத்து கிடையாது.

"அய்யோ, ஊரைவிட்டே போறாங்கப்பா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சனம் கூடிவிட்டது. பவளக்கொடி ஓட்டமாய் வீட்டுக்குப் போய், புளிச்சோறு கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். புருஷன் பின்பக்கமாகவே நடந்து வந்து அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றான்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்ட. வழியில பசிச்சாச் சாப்பிடு" என்று பொட்டலத்தை அவன் தோளுக்கு மேலாக நீட்டி, மூக்கைச் சிந்தினாள்.

சடையப்பன் வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அழுகை வந்தது. "நாம எங்கடா போறோம்?" என்று வீரக்கண்ணுவிடம் ரகசியமாகக் கேட்டான்.

"தெரியலடா. ஆனா ஊரே கூடி வழியனுப்பும்போது போகாம நின்னா நல்லாவா இருக்கும்?" என்றான் வீரக்கண்ணு.

நால்வரும் சோளக்காட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்கள்.