திரும்பிப் பார்க்காத சுபேதார்

குப்பண்ணனுக்குத் தொண்ணூற்றொரு வயது. அதில் பதினைந்து வருசம் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டினார். பனிமலையில் பீரங்கிக் குண்டு சுமக்கிற கழுதைகள். ஊருக்கு வந்த பிறகு ஐம்பத்தைந்து வருசமாக மாடு வளர்க்கிறார். பஞ்சத்தில் மாடு செத்ததையும் பார்த்துவிட்டார், மழையில் கன்று துள்ளினதையும் பார்த்துவிட்டார். பல் போய்விட்டது, சிரிப்பு மட்டும் போகவில்லை.

கிளுவை வேலி போட்ட அவருடைய மேய்ச்சல் காட்டுக்கு நடுவில் ஒரு வெள்வேல மரம். அதனடியில் ஒரு கயிற்றுக் கட்டில். மாட்டைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அங்கேதான் போவார்கள். ஆனால் அவரிடம் நேராகப் பதில் வாங்கினவர்கள் யாரும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுபேதார் சென்னியப்பன் அங்கே வந்தார். முப்பது வருசம் பட்டாளத்தில் இருந்துவிட்டு மனைவி பூவாத்தாவிடம் வீடு திரும்பி நாலு மாதம் ஆகிறது. மேய்ச்சல் காட்டுக்குள்ளும் பாலீஷ் போட்ட பூட்ஸோடுதான் நடப்பார்.

கிழவர் தடியை ஊன்றி எழுந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"ஐயா, நீங்க எந்திரிக்கலாமா? வயசென்ன, உட்காருங்க."

"உங்க தோள்ல ரெண்டு நட்சத்திரம். ஹவில்தார் எனக்குக் கையில மூணு பட்டைதான். எந்திரிக்கோணும் சாப். என்ன சேதி?"

சென்னியப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சொல்ல வெட்கமாக இருந்தது.

"நூத்திருபது பேரு என் சொல்லுக்கு நின்னானுங்க. இங்க ஒரு மாடு கேக்க மாட்டேங்குது."

"உங்க மயிலைப் பசுவா?"

"அதேதானுங்க. சாயங்காலம் எங்க காட்டை விட்டு வெளிய வரச் சொன்னா வாலைத் தூக்கிட்டு அந்தக் கோடிக்கு ஓடுது. பூவாத்தா வந்தாத்தான் வருது. ஊரே வேலிக்கு வெளிய நின்னு சிரிக்குது."

"சிரிக்கட்டும். பாவம், அவங்களுக்கும் பொழுது போகோணுமில்ல?"

"இல்லீங்கய்யா. டீக்கடையில ஒரு வார்த்தை விட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அது என் பின்னால வீட்டுக்கு வரலீன்னா, கோயமுத்தூர் மில்லுக்குக் காவல் வேலைக்குப் போயிருவேன்னு. வரச் சொல்லிக் கடுதாசியும் வந்துருச்சு. நம்மால ஒண்ணும் ஆகாத எடத்துல எதுக்கு இருக்கறது?"

"பூவாத்தா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. கொழம்புல மூணு நாளா உப்பில்லை."

கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

"மாட்டை எப்படிக் கூட்டிட்டு வர்றீங்க?"

"பின்னால நின்னு தடியால ஓட்டிட்டு."

"பூவாத்தா?"

சென்னியப்பன் யோசித்தார். "அவ பாட்டுக்கு முன்னால நடப்பா. அது பின்னால வரும்."

"அப்பறமென்ன. நீங்களும் முன்னால நடங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"எது வரைக்குமுங்க?"

"வீடு வரைக்கும்."

அவ்வளவுதானா என்று சென்னியப்பன் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் காட்டு வாசலில் இருந்த மூங்கில் படலைத் திறந்து வைத்துவிட்டு முன்னால் நடந்தார். பத்தடி போனார். பின்னால் சத்தமே இல்லை. வருதா, இல்லையா? திரும்பினார். மயிலை வந்துகொண்டுதான் இருந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. மூக்கை ஒரு தரம் உறிஞ்சியது. வாலைத் தூக்கியது. ஓடியே போய்விட்டது.

புதன்கிழமை காலையில் மறுபடியும் மரத்தடி.

"திரும்பிட்டேனுங்க."

"நானும் ஒருக்கா திரும்பியிருக்கேன் சாப்."

"எங்கீங்க?"

"மலையில. பாதை இந்தக் கட்டில் அகலங்கூட இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். நான் முதல் ஆளு, எனக்குப் பின்னால நாப்பது கழுதை. பனியில குளம்புச் சத்தமே கேக்கலை. என் கழுதை விழுந்துருச்சோன்னு பயம். திரும்பிட்டேன். அது நின்னுச்சு. அதுக்குப் பின்னால மத்ததெல்லாம் நின்னுச்சு. ஆபீசர் கடைசியில நின்னு கத்தறாரு. எனக்குத் தெரிஞ்ச இந்தி அத்தனையும் அன்னிக்குக் கத்துக்கிட்டதுதான்."

"நீங்க திரும்பறப்ப உங்க கழுதை எங்கீங்க இருந்துச்சு?"

"என் முதுகுல மூக்கை வெச்சுக்கிட்டுத்தான் வந்துட்டிருந்துச்சு. அந்தக் குளிர்ல எனக்குத்தான் தெரியலை."

சென்னியப்பன் சிரித்துவிட்டார். ஊருக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அன்று சாயங்காலமும் திரும்பினார். பழக்கம் விடுமா? முப்பது வருசமாகப் பின்னால் வருகிற ஆட்களை எண்ணிப் பார்த்தே நடந்த மனுசர்.

வியாழக்கிழமை இன்னும் கொஞ்சம் அதிக தூரம் போனார். திரும்பும்போதெல்லாம் மயிலை நின்றது. அவர் நடந்தால் நடந்தது. வேலியோரத்தில் நின்ற பெண்கள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவது தடவை திரும்பினபோது, போதும் என்று மயிலை காட்டுக்கே போய்விட்டது.

பூவாத்தா தண்ணிக் குடத்தோடு வழியில் நின்றிருந்தாள். ஐந்து நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"கல்யாணமாகி இருபத்தேழு வருசமா பஸ் ஸ்டாப்புல நின்னேன். லீவு முடிஞ்சு போறப்ப ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தீங்களா? மாட்டுக்கு எட்டுத் தடவை திரும்பறீங்க!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பட்டாளத்துக்குப் போறவன் திரும்பிப் பாக்கக்கூடாது, பாத்தா உசுரோட வரமாட்டான்னு எங்கம்மா சொன்னா பூவாத்தா."

"உங்கம்மா உங்ககிட்டச் சொல்லிட்டாங்க. எங்கிட்ட ஆரு சொன்னா? பஸ்ஸு கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னுட்டு நின்னுட்டு வந்தேன்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். சென்னியப்பனுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நேரே மரத்தடிக்குப் போனார்.

"ஐயா, மாட்டைத் திரும்பிப் பாக்காதேங்கறீங்க. அவ திரும்பிப் பாக்கலையேங்கறா. ஒரு மனுசன் திரும்பிப் பாக்கறதா, வேண்டாமா? இதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன் சாப்."

"நாளைக்கு எட்டேகால் பஸ்ஸுக்குப் போறேனுங்க."

"தெரியும். சுபேதார் போறப்ப ஹவில்தார் வந்து சல்யூட் வைக்க வேண்டாமா? பஸ் ஸ்டாப்புல சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பூவாத்தா வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போகிற வழியில் மயிலையை ஒரு தரம் பார்க்கலாம் என்று தோன்றியது. படலைத் திறந்து உள்ளே போய் ஒரு கை பருத்திக்கொட்டை கொடுத்தார். "போயிட்டு வர்றேன், அவளைப் பாத்துக்க" என்றார். கண் கலங்கிக் கிடந்ததில் படலைச் சாத்த மறந்துவிட்டார்.

நடந்தார். வேலைக்குப் போகிறவர் அல்லவா? அம்மா சொன்ன பழக்கம். திரும்பவில்லை.

டீக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தார். கோயில் முனை தாண்டினார். அங்கேயும் சிரிப்பு. பெட்டி கனத்தது. முதுகில் சூடாகக் காற்றுப் பட்டது. வெயில் ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் குப்பண்ணன் கிழவர் புதுவேட்டியோடு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார். சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒரு டிக்கெட்டு கொடுப்பேன். பின்னால நிக்கறவங்களுக்கு பஸ்ஸுல எடமில்லீங்களே!"

சென்னியப்பன் திரும்பினார்.

மயிலை நின்றிருந்தது. மூக்கு அவர் சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது ஓடவில்லை. மாட்டுக்குப் பின்னால், தலை கலைந்து, கையில் கயிற்றோடு பூவாத்தா. படல் திறந்து கிடந்ததைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தது போதும். பஸ்ஸு நிக்குது" என்றாள்.

"போகச் சொல்லு" என்றார் அவர்.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போனது. சிரித்துக்கொண்டே பின்னால் வந்திருந்த டீக்கடை ஆட்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வார்த்தையைக் காப்பாத்திட்டாரப்பா!" என்று ஒருவர் கை தட்டினார்.

பூவாத்தா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். மயிலை அவள் பின்னால் போனது. "இன்னிக்குக் கொழம்புக்கு உப்புப் போடறேன்" என்று முன்னாலிருந்தே அவள் சொன்னது காற்றில் வந்தது.

சென்னியப்பன் பெட்டியை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். இரண்டடி போனவர் நின்றார்.

"ஐயா, நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே. திரும்பிப் பாக்கறதா, வேண்டாமா?"

குப்பண்ணன் பாதியில் விட்ட சல்யூட்டை இப்போது முழுசாக வைத்தார். முன்னால் போகிற அந்த இரண்டு பேரையும் தடியால் காட்டினார்.

"பின்னால நடக்கறவனுக்கு அந்தக் கேள்வியே இல்லீங்க சாப்."