கூப்பிட்டால் வராத குன்றி

ஆறுகளுக்கு யாரும் கரை கட்டாத காலம் அது. மருதங்கோட்டை என்ற ஊரை ஓர் அரசன் ஆண்டு வந்தான். அவனிடம் சேந்தன் என்று ஒரு முரசறைவோன் இருந்தான்.

அரசனின் ஆணை எதுவானாலும் அதை ஊருக்குச் சொல்வது சேந்தனின் வேலை. கோட்டை வாசலில் ஏறி நின்று முரசை மூன்று முறை அடிப்பான். பிறகு வாயைத் திறப்பான். கேளுங்கள், அது என்ன குரல்! சந்தையில் விலை பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். துறையில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்துவார்கள். வயலில் யாரும் அதட்டாமலே ஏர்மாடுகள் நின்றுவிடும். அவன் கூப்பிட்டால் ஆயிரம் பேர் வருவார்கள்.

அவன் வளர்த்த நாய் மட்டும் வராது.

அந்த நாயின் பெயர் குன்றி. குன்றிமணி போலச் சிவந்த உடம்பு, மூக்கில் மட்டும் கறுப்பு. முயலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே தங்கியிருந்த வணிகர் கூட்டம் ஒன்று புறப்பட்டுப் போனபோது, அதை வண்டி முளையில் கட்டியபடியே விட்டுவிட்டுப் போயிருந்தது. கழுத்தில் வார் இறுகிப் புண்ணாகியிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. சேந்தன் வாரை அறுத்து, மேல்துண்டில் சுற்றி, வீட்டுக்குத் தூக்கி வந்தான். அவன் மனைவி கொற்றி புண்ணுக்கு மஞ்சள் அரைத்துத் தடவினாள், கஞ்சி ஊற்றினாள். ஒரு மாதத்தில் நாய் தேறிவிட்டது.

வீட்டுக்குள் அதைப்போல் சொன்ன பேச்சுக் கேட்கிற நாய் கிடையாது. சேந்தன் மெல்ல "குன்றி" என்றால் போதும், எழுந்து வந்து அவன் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொள்ளும்.

வாசல்படி தாண்டினால் அது வேறு நாய். ஆற்றங்கரைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டால், மூக்கைத் தரையில் பதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். "குன்றி!" என்று சேந்தன் கூப்பிடுவான். அக்கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "குன்றி!" என்று மறுபடி கூப்பிடுவான். மரத்திலிருந்து கொக்குகள் கலைந்து பறக்கும். மூன்றாம் முறை கூப்பிடுவான். நாயின் காது மட்டும் அசையாது. கடைசியில் துரத்தி ஓடி, மூச்சிரைக்கப் பிடித்து, வாரைக் கட்டி, வழியெல்லாம் திட்டிக்கொண்டே இழுத்து வருவான்.

"ஆயிரம் பேரை அழைக்கிறவனுக்கு அரைப்படி நாய் அடங்கவில்லை" என்று ஊர் சிரிக்கும். சேந்தனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு நின்றுபோகிற நாள் ஒன்று வந்தது.

கோடையில் வெறிபிடித்த நாய் ஒன்று சந்தைக்குள் புகுந்தது. பூ விற்கிற பெண் ஒருத்தியைக் கடித்தது. மாடு மேய்க்கிறவன் ஒருவனைக் கடித்தது. அரசனின் தங்கை மகளைக் கடித்தது. ஆறு வயதுக் குழந்தை அவள். நாற்பது நாளைக்குள் மூவரும், தண்ணீரைக் கண்டாலே அலறி அலறி, செத்துப்போனார்கள்.

அரசன் கொடியவன் அல்லன். ஆனால் அவன் பயந்துபோயிருந்தான். பயந்துபோனவன் கையில் வேல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கடைசிச் சாவுக்கு மறுநாள் சேந்தன் கோட்டை வாசலில் ஏறி நின்றான். முரசை மூன்று முறை அடித்தான்.

"கேளுங்கள்! வெளியில் தன் உடையவன் கூப்பிட்டு வராத நாய், உடையவன் இல்லாத நாய். இன்றைக்கு ஏழாம் நாள் காலையில், நாய் வைத்திருப்பவர் எல்லாரும் கோட்டைத் திடலுக்கு வரவேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு மூன்று முறை கூப்பிடலாம். வராத நாயை அன்று பொழுது சாய்வதற்குள் வேலால் குத்திக் கொன்றுவிடுவார்கள். நாயை ஒளித்து வைப்பவர் ஊரைவிட்டுப் போகவேண்டும். இது அரசனின் ஆணை!"

சொல்லி முடித்துக் கீழே இறங்கினான். அன்றுவரை அவன் அறிவித்த ஆணைகள் எல்லாம் அடுத்தவருக்கானவை. இது அவன் வீட்டுக்கு வந்த ஆணை.

வீட்டுக்குப் போனான். கொற்றி அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். குன்றி அவள் மடியில் கிடந்தது.

"கேட்டாயா?" என்றான்.

"உங்கள் குரல் கேட்காத வீடு எது? இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? அதைச் சொல்லுங்கள்."

"ஏழு நாள் இருக்கிறது. பழக்கிவிடலாம்."

"ஆறு மாதமாக வராதது ஏழு நாளில் வருமா? நாம் ஊரைவிட்டே போய்விடலாம்."

"ஆணையைச் சொன்னவனே ஓடினால் ஊர் என்ன நினைக்கும், கொற்றி?"

அவள் நாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் சேந்தன் சுட்ட கறியை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனான். கறியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டான். குன்றி திரும்பவில்லை. கறியைக் காக்கை கொத்திக்கொண்டு போயிற்று.

இரண்டாம் நாள் நீளமான கயிறு ஒன்றைக் கட்டி, கூப்பிடுவதும் இழுப்பதுமாக இருந்தான். கயிறு இருக்கும்வரை குன்றி தரையோடு தரையாகத் தேய்ந்துகொண்டு வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் இரண்டு மடங்கு தூரம் ஓடியது.

மூன்றாம் நாள் அவன் புளியங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு போனான். அடிக்க அல்ல, மிரட்டத்தான். கையை ஓங்கிக்கொண்டு, கரையே அதிரும்படி கத்தினான். குன்றி ஆற்றில் குதித்து, நீந்தி, நடு ஆற்று மணல்திட்டில் ஏறி நின்றுகொண்டது. அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. இவன் கத்தினான், கத்தினான், வெயில் தாழும்வரை கத்தினான். கடைசியில் கொற்றிதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் அதைத் தூக்கி வந்தாள்.

நான்காம் நாள் காலையில் சேந்தன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

முரசறைவோனுக்குக் குரல் போயிற்று. இன்னும் மூன்றே நாள். ஆனாலும் அவன் நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனான். வேறு என்ன செய்வான்? அவிழ்த்துவிட்டான். குன்றி போயிற்று. கூப்பிட முடியாமல் அவன் புல்லில் உட்கார்ந்து தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அருகில் மூச்சுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தான். நான்கடி தள்ளி குன்றி நின்றது.

பாய்ந்தான், வாரைப் பிடிக்க. நாய் துள்ளி விலகி ஓடிவிட்டது.

மறுபடி உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து அது மறுபடி வந்தது. இந்த முறை பிடிக்கக்கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் அவன் நினைப்பதற்கு முன்பே கை நீண்டுவிட்டது. நாய் மறுபடி ஓடியது.

சேந்தன் நீண்ட தன் கையையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் முறை குன்றி வந்தது. அவனைச் சுற்றி நடந்தது. மோந்து பார்த்தது. பிறகு வீட்டில் செய்வதுபோலவே அவன் பாதத்தின்மேல் தாடையை வைத்தது.

அப்போது சேந்தன் அழுதான். அவனுக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கொற்றியிடம் கரகரத்த தொண்டையோடு சொன்னான்: "அதற்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. நான் வெளியில் கூப்பிட்டு அது கையில் அகப்பட்டபோதெல்லாம் என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கழுத்துக்கு வார், காதுக்குத் திட்டு, ஓட்டத்துக்கு முடிவு. இதற்கு எவன் வருவான்? அதோடு என் குரல்! அந்த வண்டிக்காரர்களும் இப்படித்தான் கத்தியிருப்பார்கள்."

கொற்றி அவனைப் பார்த்தாள். "என்னையும் சந்தையில் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள். எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்" என்றாள்.

சேந்தன் தலை குனிந்தான்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் இருவரும் புல்வெளிக்குப் போனார்கள். சேந்தன் தரையில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த குரலில் "குன்றி" என்றான். நாய் வந்ததும் கழுத்தைச் சொறிந்துவிட்டான். ஒரு வாய் கறி கொடுத்தான். பிறகு வாரைத் தொடாமல் "போ" என்றான். குன்றி முதலில் நம்பவில்லை. போகவிடுவார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு ஓடியது. கூப்பிட்டான். வந்தது. "போ" என்றான். இப்படியே நாள் முழுதும் நடந்தது.

ஆறாம் நாள் பத்துமுறை கூப்பிட்டால் ஏழுமுறை வந்தது. மாலையில் ஒரு கீரி குறுக்கே ஓடியது. குன்றி அதன் பின்னால் போயிற்று. சேந்தன் கூப்பிட்டான், வரவில்லை. மறுபடி கூப்பிட்டான், வரவில்லை. மூன்றாம் முறையும் வரவில்லை. கொற்றி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நாளைக்கும் ஒரு கீரி வந்தால்?

ஏழாம் நாள் கோட்டைத் திடலில் ஊரே கூடியது. மேடையில் அரசன் இருந்தான். மேடைக்குக் கீழே காவல் தலைவன், அவனுக்குப் பின்னால் வேல் பிடித்த வீரர்கள். ஓர் ஓரத்தில் மூங்கில் வேலி. கூப்பிட்டு வராத நாய்களை அந்த வேலியில் கட்டினார்கள். வேட்டை நாய் ஒன்று கட்டப்பட்டது. காவல் நாய் ஒன்று கட்டப்பட்டது. கிழவன் ஒருவனின் கண் மங்கிய நாயும் கட்டப்பட்டது. ஒவ்வொரு நாயின் முறைக்கும் முரசடிக்க வேண்டியவன் சேந்தன். பத்தொன்பது நாய்கள் வேலிக்குப் போனபின் அவன் முறை வந்தது.

கொற்றி குன்றியைத் திடலின் நடுவே அவிழ்த்துவிட்டாள். கூட்டத்தின் வாடை, இத்தனை நாய்களின் வாடை. குன்றி மூக்கைத் தரையில் பதித்தது.

தேனும் சுக்கும் கொடுத்துக் கொற்றி அவன் குரலைத் தேற்றியிருந்தாள். அதுவே வினையாயிற்று. ஆயிரம் கண்கள், வேல்முனைகள். பயத்தில் பழைய குரல் தானாகவே பாய்ந்து வந்துவிட்டது.

"குன்றி!"

நாய் தரையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு திடலின் மறுகோடிக்கு ஓடியது.

"ஒன்று" என்றான் காவல் தலைவன்.

சேந்தன் மெல்லக் கூப்பிட்டான். கூட்டத்தின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. குன்றி நிமிர்ந்து அங்குமிங்கும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியது.

"இரண்டு."

ஒரு வீரன் வேலைக் கை மாற்றிப் பிடித்தான். கொற்றி கண்களை மூடிக்கொண்டாள்.

சேந்தன் முரசைக் கழற்றிக் கீழே வைத்தான். தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அரசன் முன்னிலையில் அவன் உட்கார்ந்ததைக் கண்டு சிலர் சிரித்தார்கள். சிலர் திகைத்தார்கள். என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இலை விழுந்தாலும் கேட்கும் என்கிற அமைதி வரும்வரை அவன் காத்திருந்தான்.

பிறகு வீட்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான்.

"குன்றி."

நாய் தலையைத் தூக்கியது. ஓரடி வைத்தது. ஒரு வேலின் நிழல் தரையில் குறுக்கே விழுந்திருந்தது, அங்கே நின்றுவிட்டது. சேந்தன் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. குன்றி நிழலை மோந்தது, தாண்டியது, பிறகு ஓடத் தொடங்கியது. ஓடிவந்து அவன் பாதத்தின்மேல் தாடையை வைத்தது.

திடல் ஆர்ப்பரித்தது. "பிடித்துக் கட்டு" என்றான் காவல் தலைவன்.

சேந்தன் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "போ" என்றான்.

குன்றி ஓடியது. வீரர்கள் வேலை ஓங்கினார்கள். அரசன் எழுந்தேவிட்டான். "சேந்தா! உனக்கென்ன பைத்தியமா? வந்த நாயை ஏன் விட்டாய்?"

"அரசே, வந்த உடனே கட்டினால், நாளைக்கு வராது. இன்றைக்கு மட்டும் வந்தால் போதும் என்றால் கட்டிவிடுகிறேன். என்றைக்கும் வரவேண்டும் என்றால், வந்ததற்கு இது வருத்தப்படக்கூடாது."

சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டான். குன்றி மறுபடி வந்தது.

அரசன் மறுபடி உட்கார்ந்தான். பேசியபோது அவன் குரலும் தாழ்ந்திருந்தது. "என் தங்கை மகள் என்னை ஒருநாளும் உரக்கக் கூப்பிட்டதில்லை. அவள் மெல்லக் கூப்பிட்டால், சபையில் இருந்தாலும் எழுந்து போவேன்" என்றான்.

"அரசே, அந்தப் பத்தொன்பது நாய்களுக்கும் வெறி இல்லை. அவை பயந்திருக்கின்றன. எனக்குக் கிடைத்த ஏழு நாளை அவற்றுக்கும் கொடுங்கள்."

அரசன் கொடுத்தான். அடுத்த ஏழு நாளும் ஆற்றங்கரைப் புல்வெளியில் பத்தொன்பது பேர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு நாய்கள் தேறின. மூன்று நாய்கள் எவ்வளவு செய்தும் வரவில்லை. அவற்றைச் சுற்றுச்சுவர் உள்ள ஒரு தோட்டத்தில் வைத்துக்கொள்ள அரசன் சம்மதித்தான். வேல் ஒரு நாயின்மேலும் படவில்லை.

குன்றி அதன்பின் ஒருமுறையும் தவறவில்லை என்று சொன்னால் அது பொய். கீரியைக் கண்டால் அது போய்விடும். சேந்தன் புல்லில் உட்கார்ந்து காத்திருப்பான். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், "வந்துவிட்டாயா?" என்றுதான் கேட்பான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கூப்பிட்டபோது வந்தவரை நாம் அன்பாக நடத்தினால்தான், மறுமுறை கூப்பிடும்போதும் அவர் அச்சமில்லாமல் வருவார்.