குட்டி வெள்ளரியைத் தின்றது யார்?

முன்னொரு நாள், ரொம்ப முன்னால்கூட இல்லை, பசி ஒரு மலையடிவாரத்து ஊருக்கு வேலையாக வந்து சேர்ந்தான்.

தொழிலில் அவனுக்கு ஒரு நாணயம் உண்டு. விளையாத ஊருக்குப் போவான். கருகிப்போன காட்டுக்குப் போவான். சண்டையில் அடுப்பு இடிந்த தெருவுக்குப் போவான். போன இடத்தில் கிடைக்கிற வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, வயிற்றுக்குள் சுருண்டு படுத்துக்கொள்வான். ஆனால் இந்த ஊரைப் பார்த்ததும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கொடி. கொடி முழுக்கக் காய்.

"விலாசம் மாறி வந்துட்டேனோ" என்று முனகியபடி அண்ணாந்து பார்த்தான்.

மேலே போய்க்கொண்டிருந்த மழைக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை எதுக்குய்யா மொறைக்கிறே? இந்த வருஷம் நான் ஒழுங்காப் பெஞ்சிருக்கேன். எம்மேல பழியைப் போடாதே" என்று சொல்லிவிட்டு அவசரமாக மேற்கே நகர்ந்தது.

ஊரின் கடைசி வீடு மாதம்மாளுடையது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். வாசலில் நின்ற பசியை அவள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வந்துட்டியா? வா, மேளம் ஒண்ணுதான் சொல்லலை."

"கோவிச்சுக்காதேம்மா. எனக்கே புரியலை. வயல் நிறையக் காயை வச்சிக்கிட்டு என்னை எதுக்கு வரவச்சே?"

"நான் எங்கடா வரவச்சேன்? அது திங்கிற காய் இல்லை. கம்பெனிக் காய். விதை அவங்களது, மருந்து அவங்களது. அதுக்கெல்லாம் பிடிச்சது போக மிச்சத்துல நாங்க அரிசி வாங்கணும். மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே!"

பசி நேராக வயலுக்குப் போனான். கொடியில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி வெள்ளரி மினுமினுவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த வீட்டுல பிள்ளைங்க பட்டினி. நீ கொஞ்சம் இறங்கி அடுப்புக்குப் போனா நான் கிளம்பிடுவேன்" என்றான்.

"யோவ், தள்ளி நில்லு, மேல பட்டுடப் போறே" என்றது வெள்ளரி. "நான் வெளிநாட்டுக்குப் போற காய். வினிகர்ல குளிச்சிட்டு, பாட்டில்ல உக்காந்து கப்பல் ஏறுவேன். அங்கே எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"யாரு?"

"பெரிய மனுஷங்க."

"பேரு?"

வெள்ளரி இலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காலடியில் கிடந்த நிலம்தான் பேசியது. "கேழ்வரகு கேட்டாங்க, தந்தேன். இப்ப இதைக் கேக்கிறாங்க, தர்றேன். எனக்கு விளையத்தான் தெரியும். அது எங்கே போய்ச் சேருதுன்னு பின்னாடியே போய்ப் பார்க்க எனக்குக் காலா இருக்கு?"

மறுநாள் கம்பெனி லாரி வந்தது. அதோடு ஓட்டை போட்ட பலகை ஒன்றும் வந்தது. ஓட்டைக்குள் நுழைகிற காய் கப்பலுக்கு; நுழையாத காய் குப்பைக்கு. பலகைக்கு நீதிபதி என்ற நினைப்பு.

"நீ தடிச்சிட்டே. போ. நீ வளைஞ்சிருக்கே. போ. உனக்கு வயிறு வச்சிருக்கு. போ, போ!"

"சார், நேத்து மழையில திடீர்னு பெருத்துடுச்சு சார்" என்று மாதம்மாள் கெஞ்சினாள்.

"பயிர்னா ஒரு அடக்கம் வேண்டாமா? பாட்டிலுக்குத் தகுந்த மாதிரி வளரணும்" என்றது பலகை.

பாதிக்கு மேல் கழிந்துபோனது. வயலில் வீம்பு பேசிய குட்டி வெள்ளரி மட்டும் ஓட்டைக்குள் வழுக்கி விழுந்து, திரும்பிப் பாராமல் லாரி ஏறியது. கழித்ததை எல்லாம் மாதம்மாள் அள்ளிவந்து உப்புப் போட்டு வேகவைத்தாள். பிள்ளைகள் வயிறு முட்டத் தின்றார்கள். காய் முழுக்கத் தண்ணீர்தானே; உள்ளே இருந்த பசியின் தலைமேல் குடம் குடமாக ஊற்றியதுபோல் இருந்தது. நன்றாகக் குளித்து முடித்தவன், சற்று நேரத்தில் புதுத் தெம்போடு எழுந்து உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தான். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாதம்மாள் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"நீ ஊர் உலகமெல்லாம் போறவன்தானே? எனக்கு ஒரு உதவி பண்ணு. எங்க காயை யாரு திங்கிறாங்கன்னு பாத்துட்டு வா. ருசியா இருந்துச்சான்னு கேளு."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

"எம்புள்ளைங்களைவிட அதைத்தான் பாத்துப் பாத்து வளத்தேன். நாங்க திங்காததை யாரோ ஆசையாத் தின்னாங்கன்னாவது தெரியட்டுமே."

திட்டாமல் அவனிடம் ஒருவர் பேசியதே அதுதான் முதல் தடவை. பசி மறுக்க முடியாமல் கிளம்பினான். கிளம்பினான் என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டான் என்று அர்த்தமில்லை. தன் நிழலைப் பிள்ளைகளின் வயிற்றில் விட்டுவிட்டுத்தான் போனான்.

பாட்டில் கடல் தாண்டியது. குளிர்கிற ஒரு பெரிய பட்டணத்தில், பளபளப்பான ஒரு கடையில், குட்டி வெள்ளரியை வட்டம் வட்டமாக நறுக்கி பர்கருக்குள் அடுக்கினார்கள். "பாத்தியா, மெத்தை!" என்று அது பசியைப் பார்த்துக் கண்ணடித்தது.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் அந்த பர்கரை வாங்கினான். மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தான். சோற்றில் கிடக்கிற முடியை எடுப்பதுபோல் வெள்ளரித் துண்டுகளை இரண்டு விரலால் எடுத்தான். "இதை எவன் கேட்டான்?" என்றான். காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மீதியைத் தின்னப் போய்விட்டான்.

தொட்டிக்குள் இருட்டாக இருந்தது. "எப்போ என்னைச் சாப்பிடுவாங்க?" என்று வெள்ளரி கேட்டது.

"புதுசா?" என்றது பக்கத்தில் கிடந்த பாதி உருளைக்கிழங்கு. "தள்ளிப் படு. இன்னும் நிறையப் பேர் வருவாங்க."

கடைக்குப் பின்னால், பூட்டுப் போட்ட பெரிய குப்பைப் பெட்டியின் ஓரம், கிழிந்த கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் குந்தியிருந்தார். அவருடைய வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கையசைத்தார்கள். பார்த்தால், இன்னொரு பசி!

"நீ எங்கடா இங்கே?" என்று நம்ம பசி அதிர்ந்துபோனான்.

"நான் பொறந்து வளந்ததே இங்கதான்."

"இவ்வளவு சாப்பாடு குப்பையில கிடக்குதே!"

"அதனாலதான் பூட்டு" என்றான் அந்த ஊர்ப் பசி.

நம்ம பசி ஊர் திரும்பினான். மாதம்மாள் களத்து மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கொடியின் சுணை அறுத்து அறுத்து விரலெல்லாம் வெடித்திருந்தது.

"பாத்தியா? யாரு தின்னாங்க?"

பசி இதுவரை பொய் சொன்னதில்லை. இருந்தால் இருக்கிறேன் என்பான், இல்லாவிட்டால் இருக்க மாட்டான். அவள் விரல்களைப் பார்த்தான். நாக்கு புரண்டுவிட்டது.

"ஒரு சின்னப் பொண்ணும்மா. உன் சின்னவ வயசுதான் இருக்கும். எல்லாத் துண்டையும் தின்னுட்டு விரலை நக்கிச்சு. இன்னும் வேணும்னு ஒரே அழுகை."

"அழுதுச்சா?" மாதம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், புள்ள. கிணத்து மேட்டுத் துண்டுல மட்டும் எங்களுக்குன்னு கேழ்வரகு போடலாம்னு உழுது வச்சிருந்தேன். வேண்டாம். அதுலயும் அந்தக் காயே போட்டுடறேன்."

பசி பதறிப்போய் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுவிட்டாள்.