கொசுப்பாட்டுக்கு உரிமை கேட்ட கதை

ஏழுதும்பையில் முட்டாள்கள் உண்டு என்று அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

ஊரைப் பற்றி ஊராரே இணையத்தில் எழுதிச் சேர்க்க ஒரு விக்கி தொடங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர்: மூத்தவர் கோமதிநாயகம், கண்ணாடி போட்ட தவசுமணி, எதற்கும் தலையாட்டும் ஞானதிரவியம். காப்புரிமை விதிகளை மூவரும் மனப்பாடம் செய்தார்கள். புரிந்துகொள்வதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் மாவு மில் அணஞ்சபெருமாள். கொசுவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். மாமனாருக்குப் பாட்டு வரும் என்பதைக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை நம்பவேயில்லை. விக்கியில் பெயரோடு வந்தால் நம்பித்தானே ஆக வேண்டும்?

"யாரு எழுதினது?" என்றார் தவசுமணி.

"நாந்தான்."

"அப்ப எங்களுக்கு அடுத்தவரு பொருள். எழுதினவர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு வாங்க."

அணஞ்சபெருமாள் தனக்கே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார். மறுவாரம் மூவரும் விசாரித்தார்கள்.

"பதில் வந்துதா அண்ணாச்சி?"

"எங்க! மில்லுல ஒரே கூட்டம். கடிதத்தைப் பிரிக்கவே நேரமில்ல."

"நல்ல ஆளுகிட்ட கேட்டீங்க! ரொம்பத் தலைக்கனம் பிடிச்ச மனுஷன் போல."

"ஆமா," என்று அணஞ்சபெருமாளும் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

நியாயமான அளவில் சிறு பகுதியை மட்டும் அனுமதியில்லாமல் எடுத்தாளலாம் என்றது இன்னொரு விதி. நெடுநேரம் யோசித்து, பாட்டின் ஆகச் சிறிய பகுதியான 'ஙொய்' என்பதை மட்டும் எடுத்தார்கள்.

"இது கொசு பாடினதுல்லா?" என்றார் கோமதிநாயகம். "அதுகிட்ட கேட்காம எப்படி?"

ஞானதிரவியம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கொசு வந்து அமர்ந்தது. அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தவசுமணி பழக்கதோஷத்தில் ஒரே அடி.

"உரிமையாளரைக் கொன்னுட்டியேடா, பாவி!"

"செத்தா நல்லதுதான். எழுதினவரு செத்து அறுபது வருஷம் ஆயிட்டா யாரும் போடலாம்னு விதியிலயே இருக்கு."

மூவரும் மெல்லத் திரும்பி அணஞ்சபெருமாளைப் பார்த்தார்கள்.

"எனக்கு இப்பத்தான் அம்பத்தெட்டு," என்றார் அவர், ஒரு அடி பின்வாங்கி.

"அதனால என்ன? நீங்க செத்து அறுபத்தோரு வருஷம் ஆச்சுன்னு போட்டுருதோம்."

"நான் பொறக்கதுக்கு முன்னாலயா?"

"ஆமா. ஒங்களுக்கு வலிச்சிருக்கவே செய்யாது."

அது நியாயமாகப் பட்டது. முழுப் பாட்டும் அன்றே ஏறியது. அடியில், 'இயற்றியவர்: காலஞ்சென்ற அணஞ்சபெருமாள்'.

மாப்பிள்ளை உடனே போன் செய்தார்.

"மாமா, ஒங்க பேருலயே அந்தக் காலத்துல ஒரு பெரிய கவிஞர் இருந்திருக்காருங்க! என்ன பாட்டுங்க அது! நீங்க அவரை ஒருதரமாவது பாத்திருக்கீங்களா?"

"எங்க மாப்பிள்ளை... நான் பொறக்கதுக்குள்ள போயிட்டாரே," என்று அணஞ்சபெருமாள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.