மஞ்சள் துணி கட்டிய சுக்கு மூட்டை

கொன்றைத்தீவில் எண்ணூறு குடும்பங்கள். எல்லாமே சுக்கு விற்றுப் பிழைத்தவை. ஒரு காலத்தில் வடநாட்டின் ஆட்சியில் இருந்த தீவு அது. விடுதலை கொடுத்த அன்று, "உங்கள் சுக்குக்கு என்றைக்கும் வரி கிடையாது" என்று வடநாடு வாக்களித்தது. அந்த நன்றிக்காக ஆண்டுதோறும் அறுவடையின் முதல் மூட்டைக்கு மஞ்சள் துணி கட்டி, வடநாட்டுக்குக் காணிக்கையாக அனுப்புவார்கள்.

ஓர் ஆண்டு வடநாடு பக்கத்து நாடுகள் ஐந்தோடு கூட்டுச் சேர்ந்தது. கூட்டுக்குள் சுங்கம் இல்லை. வெளிச்சரக்குக்கு ஆறு நாட்டிலும் ஒரே சுங்கம். விலக்கு வேண்டுமென்றால் ஆறும் தலையாட்ட வேண்டும். தீவாருக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? வழக்கம்போல மூட்டையை அனுப்பினார்கள். நன்றி சொல்லப் போன மூட்டைக்கே துறைமுகத்தில் சுங்கம் கேட்டார்கள். அப்போதுதான் பழைய வாக்கு செல்லாது என்று தெரிந்தது.

தீவின் தூதர் சேந்தன், வடநாட்டு அமைச்சரின் வாசலுக்கு மூன்று மாதம் நடையாய் நடந்தார். வெட்கிப்போன அமைச்சர் கூட்டின் சபையில் பழைய வாக்கைச் சொல்லி வாதாடினார். நான்கு நாடுகள் இசைந்தன. மிஞ்சியது மலைநாடு. அதன் சார்பில் சபைக்கு வந்தவள் லேனா. கூட்டிலேயே இஞ்சி விளைவது மலைநாட்டில் மட்டும்தான். அவளுடைய அண்ணன் யோனாஸும் இஞ்சிக்காரன். தீவுச் சுக்கு வரியின்றி வந்தால் அவன் சரக்கு விலை போகாது. தெரிந்தேதான் லேனா சம்மதித்தாள். அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை.

மறு அறுவடையில் சுக்கு வரியின்றிக் கரையேறியது. தீவே ஆனந்தக் கண்ணீர் விட்டது. ஆனால் இந்த முறை முதல் மூட்டை யாருக்கு?

"சேந்தன் கால் தேய நடந்தாரே" என்றார்கள் சிலர்.

"அமைச்சர் பேசலேன்னா யார் காதுல விழுந்திருக்கும்?"

"அந்தம்மா மாட்டேன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா?"

தீவின் சுக்கு வியாபாரிகள் சங்கத் தலைவி பூரணவல்லிக்கு ஒரே கவலை. தப்பான வாசலுக்குப் போகும் நன்றி நன்றியாகுமா?

சொல்லுங்கள், அந்த மூட்டை யாருக்கு உரியது?

விடை: அமைச்சர் காத்தது தம் நாடு கொடுத்த வாக்கை. சேந்தன் செய்தது தம் ஊர் வேலை. கடமையில்லாமல் கொடுத்தவள் லேனாதான். ஆனால் அவள் கொடுத்தது அண்ணனின் பிழைப்பை. மூவரையும் கைகூப்பி வணங்கிவிட்டு, பூரணவல்லி மூட்டையோடு யோனாஸின் கதவைத் தட்டினாள். இஞ்சிக்காரனுக்கே சுக்கா என்று சிரிக்காதீர்கள். "உங்க விலை விழுந்ததுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. உங்ககிட்ட யாரும் கேக்கல. நாங்களாவது வந்து சொல்லணும்ல" என்றாள். யோனாஸ் அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, தங்கைக்கு ஆள் அனுப்பினான்.